தண்ணி சன்னமாவுது

ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். கம்பெனி கொடுத்த லேப்டாப் நோட்டுப் புத்தகத்தின் கனம்தான் இருக்கும். காலையில் சார்ஜ் ஏற்றினால் ஷிஃப்ட் முடியும்வரை தாங்கும். அடிப்பதையெல்லாம் தானே சேமித்துக்கொள்ளும். ஆனாலும் நாலு வரிக்கு ஒருமுறை என் இடது கை கண்ட்ரோல் எஸ்ஸை அழுத்திவிடுகிறது.

பக்கத்து சீட்டுக்காரர் சிரிப்பார். "இன்னாபா, அதுவே சேவ் ஆவுது, நீ எதுக்கு போட்டு குத்திக்கினே கீற?"

பழக்கம் என்று சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியது என் அக்கா என்று சொன்னதில்லை.

திருப்பதியில் எம்.சி.ஏ. படித்தபோதுதான் முதல் லேப்டாப் வாங்கினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடை. கடைக்காரர் ஒரே விலைக்கு இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று சின்னது, கைப்பையில் அடங்கிவிடும். பேட்டரி நாலைந்து மணி நேரம் வரும். ஆனால் ஸ்கிரீன் சிறியதானதால் கீழே வரும் ஓகே பட்டன் பார்வைக்கே வராது. சாவிகள் நெருக்கமாக இருந்தன. மண்வெட்டி பிடித்த என் விரல் ஒன்றை அழுத்தினால் இரண்டு எழுத்து விழுந்தது. மற்றொன்று அம்மிக்கல் மாதிரி. சாவிகள் அகலம், ஸ்கிரீன் பெரிது, அடித்தால் விரலுக்குச் சுகம். பேட்டரி மட்டும் செத்துப்போயிருந்தது.

"பேட்டரி லேது பாபு, ப்ளக்கு உண்டே சாலு" என்றார் கடைக்காரர். பிளக் இருந்தால் போதும் என்று எனக்கும் பட்டது. பெரியதையே வாங்கினேன்.

புத்தூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்த வருடங்களில் பகலில் வீட்டு லைனில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. காலையில் சில மணி நேரம் மோட்டார் லைனில்தான் வரும். அதனால் விடுமுறைக்கு ஊருக்குப் போனால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டாய்க்குப் போவேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளக், உட்கார உர மூட்டை. மோட்டார் ஓடும்போது சுவர் அதிரும், ஸ்கிரீனும் கூடவே அதிரும். வெளியே குழாயிலிருந்து தொட்டியில் தண்ணீர் விழும். அங்கிருந்து வரும் வாய்க்காலில் அக்கா மடை திருப்பிக்கொண்டிருப்பாள்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அக்கா பள்ளிக்கூட வாசலுக்கு வந்ததெல்லாம் எனக்குச் சோறு கொண்டுவரத்தான்.

முதல் வாரமே சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போய், இரண்டு பக்கம் அழிந்தது. நான் கத்தியதைக் கேட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். கரண்ட் போவதற்கு முன்னால் ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் தப்பியிருக்கும் என்று விளக்கினேன்.

"அவ்ளோதான? கரண்ட்டு போறதுக்கு முன்னாடி தண்ணி சொல்லிடும்டா. வோல்ட்டேஜ் எறங்கினா தண்ணி சன்னமாவும். நான் கூவுறேன், நீ அமுக்கு."

உள்ளே இருக்கும் எனக்கு மோட்டார் சத்தம் எப்போதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவள் கண் தண்ணீரில் இருந்தது. அன்றிலிருந்து, "தண்ணி சன்னமாவுதுடா, அமுக்கு!" என்று குரல் வரும். நான் அழுத்துவேன். சிலசமயம் அடுத்த நிமிடமே எல்லாம் இருண்டுவிடும். சிலசமயம் தண்ணீர் மறுபடி தேறிக்கொள்ளும்.

கடைசி செமஸ்டருக்கு ஒரு கட்டுரை எழுதவேண்டியிருந்தது. அது இல்லாமல் டிகிரி இல்லை. சீட்டுக் குலுக்கித் தலைப்புக் கொடுத்தார்கள். எனக்கு விழுந்தது, ஆரம்ப காலத்துக் கையடக்கக் கம்ப்யூட்டர்களின் நிறை குறைகளை ஒப்பிடுவது. இணையத்தில் தேடிப் படித்ததை மத்தியான இடைவேளைகளில் அக்காவுக்குச் சொல்வேன். முதலில் வந்தது தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும், உள்ளங்கை அளவு ஸ்கிரீன், கைப்பிடி உண்டு, பேட்டரி கிடையாது என்றேன்.

"கரண்ட்டு இல்லாத எடத்துக்கு அத்த எதுக்குடா தூக்கினு போனாங்க?"

"கைப்பிடி இருந்தா போர்ட்டபிள்னு சொல்லிட்டாங்கக்கா."

"அப்ப நம்ம மோட்டாருக்கும் ஒரு கைப்பிடி வெக்கச் சொல்லு நைனாகிட்ட. திருப்பதிக்கு எட்துக்கினு போலாம்."

அதற்குப்பின் வந்த இன்னொன்றைப் பற்றியும் சொன்னேன். டார்ச்சில் போடுவதுபோல நாலு சின்ன பேட்டரியில் நாள்கணக்கில் ஓடும். அணைத்து வைத்தாலும் எழுதியது அழியாது. ஆனால் எட்டு வரிதான் தெரியும், மேலே என்ன எழுதினோம் என்று பார்க்க ஏறிப் போகவேண்டும். ஸ்கூட்டர் பேட்டரி மாதிரி ஒன்றை வயிற்றில் வைத்து வந்த கனமான மெஷினும் இருந்தது. அக்கா யோசிக்கவே இல்லை. "எட்டு வரிதான் நல்லது. நீ அத்த வாங்கியிருந்தா நான் இங்க காவல் காக்க வாணாம்" என்றாள். கட்டுரையில் அதற்குத்தான் அதிக மதிப்பு கொடுத்தேன். காரணங்களில் பாதி அவளுடையவை.

ஒப்படைக்க இரண்டு நாள் இருந்தபோது சாந்திபுரத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். நைனாவும் அம்மாவும் வீட்டில் இருந்தார்கள். நான் தலைகாட்டிவிட்டுக் கொட்டாய்க்கு ஓடிவந்தேன். ஒப்பீட்டுப் பட்டியலும் முடிவுரையும் பாக்கி. காலை முழுக்க அடித்தேன். ஒருமுறைகூட அழுத்தவில்லை. அழுத்துவது என் வேலை, ஞாபகப்படுத்துவது அவள் வேலை என்று எப்போதோ ஆகிவிட்டிருந்தது. மோட்டார் நின்றது. ஸ்கிரீன் கறுத்தது.

விருந்தாளிகள் போனபின் அக்கா வந்தாள். பட்டுப்புடவையை மாற்றியிருந்தாள், தலையில் பூ இருந்தது. "முட்ச்சிட்டியா?" என்று கேட்டாள்.

"எல்லாம் போச்சு. நீ எங்க போய்ட்ட? உனக்கு இன்னா தெரியும் இதோட அருமை? படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவள் தொட்டிப் பக்கம் கை காட்டினாள். "படிச்சவன் நீதான? தண்ணிய நீ பாக்கறது" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

மறுநாள் கரண்ட் வருவதற்கு முன்னாலேயே தொட்டிச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கூப்பிட மட்டும் கூப்பிட்டாள். ஒன்பது தடவை. சில தடவை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கொஞ்சம்கூட இளைத்திருக்கவில்லை. ஆனாலும் அழுத்தினேன். கட்டுரை முடிந்தது. திருப்பதி போய் பிரிண்ட் எடுத்து, நேரத்துக்கு ஒப்படைத்தேன். முதல் பக்கத்தில் கல்லூரிக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நன்றி எழுதியிருந்தேன். சீனியர் ஒருவருடைய கட்டுரையைப் பார்த்து எழுதியது. அதில் அக்கா இல்லை, அதனால் என்னுடையதிலும் இல்லை.

வைவாவில் கேட்டார்கள், முதலில் வந்த மெஷின்களின் பெரிய குறை எது என்று. "பேட்டரி இல்லாதது சார். பிளக்கைவிட்டு நகர முடியாது" என்றேன். சரியான பதில்தான், மதிப்பெண் கிடைத்தது. அதே மாதம் அக்கா கல்யாணமாகி சாந்திபுரம் போனாள். அதன்பின் கொட்டாயில் நான் உட்கார்ந்ததே இல்லை.

போன வாரம் போனில் பேசும்போது கேட்டாள்.

"புது மெஷினு எப்டிடா கீது?"

"நல்லா கீதுக்கா. கரண்ட்டு போனா அதுக்குத் தெரியக்கூட தெரியாது. நாள் பூரா நிக்கும்."

"அப்ப ஆளே வாணாம்ன்ற."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தக் காலை நேரத்துக் குரலை, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே எழும்பி வரும் அந்தக் கூப்பாட்டை, எத்தனை நாளாகக் கேட்காமல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்த பழசு? காயலான் கடைல போட்டுட்டியா?"

"கீதுக்கா. கட்டிலுக்கு அடியில. ப்ளக்குல சொருவினா இன்னும் ஓடுது."

"இங்கயும் மோட்டார் கிட்ட உங்க மாமா ஒரு ப்ளக்கு போட்டுக்கீறாரு. ஒரு தபா எட்துக்கினு வாயேன். அது எப்டி ஓடுதுன்னு பாக்கலாம்."

வருகிறேன் என்றேன். அன்றைக்கே பழைய லேப்டாப்பை வெளியே எடுத்துத் துடைத்துப் பிளக்கில் போட்டேன். கட்டுரை அதில் இன்னும் இருக்கிறது. நன்றிப் பக்கத்தைத் திறந்தேன். பெற்றோருக்குக் கீழே அக்காவுக்கு ஒரு வரி எழுத இடம் இருந்தது. அதை இங்கேயே அடித்திருக்கலாம். அடிக்காமல் அணைத்து, சார்ஜரோடு சேர்த்துப் பையில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாந்திபுரம் போய், அவள் தொட்டியண்டை நிற்கும்போது அடிக்கவேண்டும். எப்போது அழுத்துவது என்று அவள் சொல்வாள்.