சன்ஷேடுப் புறாக்கள்

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான். அதுவும் டாக்டரிடம்.

ஆம்பூரில் எங்கள் தெருமுனையில் இருந்த சின்ன கிளினிக் அது. அப்பாவுக்கு இருமல் தொடங்கி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. மிளகுக் கஷாயம், கற்பூரவள்ளி, சபையில் ஜெபம் என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் டாக்டர். நான் ஐந்தாம் வகுப்பு முடித்து விடுமுறையில் இருந்ததால் ஒட்டிக்கொண்டு கூடவே போயிருந்தேன். முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, என்ன வேலை என்று டாக்டர் கேட்டார்.

"தோல் கம்பெனில சார். ஸ்டோர்ல எழுத்து வேலை" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா எழுதினால் மளிகைச் சீட்டுதான் எழுதுவார். கம்பெனியில் அவருக்கு ஸ்ப்ரே செக்‌ஷன். பதப்படுத்திய தோலுக்குத் துப்பாக்கியால் சாயம் அடிக்கிற வேலை. சாயங்காலம் அவர் கைக்குட்டையைத் துவைக்கப் போடும்போதே அம்மா கண்டுபிடித்துவிடுவாள். "இன்னைக்கு கருப்பு ஆர்டரா?" என்பாள். சில நாள் காப்பிப்பொடி நிறம், சில நாள் செங்கல் நிறம். மூக்கைச் சிந்தினால் அன்றைய ஆர்டர் வந்துவிடும். படித்தவர் முன்னால் கொஞ்சம் கெத்தாகக் காட்டிக்கொள்கிறார் என்று நினைத்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டர் அடுத்த கேள்வி கேட்டார். "வீட்ல புறா ஏதாவது வருதா?"

அப்பாவின் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்டது போல நிமிர்ந்து உட்கார்ந்தார். "வருது சார். ரொம்ப ஜாஸ்தி."

புறா எச்சம் காய்ந்து தூசியாகி நெஞ்சுக்குள் போனால் இப்படி இருமல் வரலாம் என்றார் டாக்டர். முதலில் புறாவைத் துரத்துங்கள், ஒரு மாதம் கழித்து வாருங்கள், புறா போயும் இருமல் நிற்காவிட்டால் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், அங்கே வேலை, வீடு என்று ஆதியோடு அந்தமாக எல்லாவற்றையும் விசாரிப்பார்கள் என்றும் சொன்னார்.

எங்கள் தெருவில் ஒருவரை வேலூருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றால் பேசுகிறவர்களின் குரல் தானாக இறங்கும். அப்பா செத்துப்போவாரா மாட்டாரா என்பது எங்கள் வீட்டு சன்ஷேடில் உட்கார்ந்திருக்கும் புறாக்களின் கையில் இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். அப்பாவோ திரும்பி வரும் வழியெல்லாம் மெல்ல விசிலடித்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். பின்பக்கம் ஒரு சின்ன பால்கனி. அதை ஒட்டி எங்கள் அறை ஜன்னல், ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு. புறாக்களின் குடியிருப்பு அங்கேதான். அதற்கு முன்னால் அவற்றை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அம்மா சபையில் ஞாயிறுப் பள்ளி நடத்துகிறவள். கூடத்தில் மாட்டியிருந்த காலண்டரில் வெளிச்சத்துக்கு நடுவே ஒரு வெள்ளைப் புறா சிறகை விரித்து இறங்கிக்கொண்டிருக்கும். அதனால் எச்சத்தைச் சுரண்டும்போதுகூட அவள் வாய்விட்டுத் திட்டமாட்டாள்.

டாக்டர் சொன்னதைக் கேட்டதும் அவளுக்குத்தான் தயக்கம். "பரிசுத்த ஆவி எறங்கி வந்த ரூபம்டா அது" என்றாள் மாமாவிடம்.

மாமா அம்மாவின் தம்பி. பக்கத்துத் தெருவில் இருந்தார், ஷூ கம்பெனியில் வேலை. "அந்தப் புறா வேறக்கா. அது யோர்தான் ஆத்துது. இதுங்க ஜோலார்பேட்டை" என்றார்.

அன்றைக்குத் தொடங்கியது போர். மாமா பழைய சிடிக்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். புறாக்கள் அதில் முகம் பார்த்துக்கொண்டன. ரப்பர் பாம்பு வாங்கி வைத்தோம். ஒரு புறா அதன் மேலேயே உட்கார்ந்து கண்ணை மூடியது. அம்மா ஒட்டடைக் குச்சியோடு காவல் நின்றாள். பிறகு யாரோ சொன்னார்கள் என்று மிளகாய்த்தூளைத் தூவினாள். காற்று அதை அப்படியே உள்ளே கொண்டுவந்து அப்பா மேல் கொட்டியது. கண்ணில் நீர் வழிய, சுவரைப் பிடித்துக்கொண்டு, அவர் நிறுத்தாமல் இருமினார். அம்மா தன் தலையில் தானே அடித்துக்கொண்டு அழுதாள். நான் பால்கனிக்கு ஓடிப்போய்ப் புறாக்களைப் பார்த்துக் கத்தினேன். அவ்வளவு வெறுப்பு எனக்கு அதற்குப் பிறகு யார் மேலும் வந்ததில்லை.

நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. அப்பாவின் இருமல் கேட்காத நேரத்திலும் அது எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மாமா ஒரு தகர டப்பாவோடு வந்தார். ஷூவுக்கு அடி ஒட்டுகிற பசை. கம்பெனியில் அதற்குப் பெயர் சொல்யூஷன். "கால் பிசுபிசுன்னு ஒட்டுனா ஒரு புறா வராது. பாரு நீ" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஸ்டூல் மேல் ஏறி, சன்ஷேடு முழுக்கப் பழைய பிரஷ்ஷால் தாராளமாகத் தடவினார்.

காலையில் பார்த்தால் பசை காய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. புதிதாக டைல்ஸ் போட்டுக் கொடுத்தது போலப் புறாக்கள் அதன் மேல் ஒய்யாரமாக நடந்தன. அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நாங்கள் சபைக்குக் கிளம்பினோம்.

ஷூ கம்பெனிக்குப் போகிற யாருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. சொல்யூஷனைத் தடவிக் காயவிடுவார்கள். காய்ந்ததை ஹீட்டரில் காட்டுவார்கள். சூடு பட்டதும் பசைக்கு மறுபடி உயிர் வரும். அப்போது வைத்து அழுத்தினால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. மாமா தினமும் செய்கிற வேலையே அதுதான். ஆனால் எங்கள் சன்ஷேடு மேற்குப் பார்த்தது என்பதும், அது கத்திரி வெயில் என்பதும் அவர் மூளையில் உதிக்கவில்லை.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டாள். அப்பா ஜன்னலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தார். படபடவென்று சத்தம் கேட்டது. கொடியில் துணிதான் அடித்துக்கொள்கிறது என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் ஒரு புறா. இரண்டு காலும் பசையில் புதைந்து, ஒரு சிறகும் ஒட்டிக்கொண்டு, மிச்சமிருந்த சிறகால் அடித்துக்கொண்டிருந்தது. அது அடிக்க அடிக்கத் தூசியும் இறகும் ஜன்னல் வழியாக அப்பா மேல் விழுந்தன. ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். அந்தச் சத்தத்தில் அவர் எழுந்துவிட்டார்.

பால்கனிக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். "பாவம்மா. வெயில்ல வெந்துபோயிடும்" என்றார்.

"வாணாம்ப்பா. உனக்கு புறா ஆவாதுன்னு டாக்டர் சொல்லிக்கிறாரு. மாமா வந்து எடுக்கட்டும்."

"ஒரு புறாவுல இன்னா ஆயிடப் போவுது?"

குளியலறையில் இருந்து ஒரு கந்தல் துணியும், கையில் ஒட்டிய சாயத்தைத் துடைக்க அவர் வைத்திருந்த தின்னர் பாட்டிலும் எடுத்துவந்தார். ஸ்டூலில் நின்று பார்த்தார், எட்டவில்லை. பால்கனியின் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி நின்றார். ஒரு சாண் அகலச் சுவர். கீழே வீட்டுக்காரரின் துவைக்கிற கல். நான் அவருடைய இரண்டு முழங்காலையும் கட்டிக்கொண்டு, முகத்தை அதில் புதைத்து, "இறங்குப்பா, இறங்குப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவர் இடது கையைச் சன்ஷேடின் விளிம்பில் ஊன்றினார். புறா பயத்தில் அவர் முகத்திலேயே சிறகால் அறைந்தது. வெயிலில் தூசி பொன்னாகப் பறந்தது. எங்கே இருமப் போகிறாரோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் இருமவில்லை. "ச்சு, ச்சு, சும்மா இரு" என்று அதைத் தட்டிக்கொடுத்தார். பிறகு பல்லால் பாட்டில் மூடியைத் திருகித் திறந்து துணியை நனைத்தார். தின்னர் வாசனை எனக்கே சுருக்கென்று ஏறியது.

அப்போதுதான் இருமல் வந்தது. அதை நான் காதால் கேட்கும் முன் அவர் கால்களில் உணர்ந்தேன். உடம்பு மொத்தமும் குலுங்கியது. பாட்டில் நழுவிப் பால்கனிக்குள் உருண்டது. என் பிடி வழுக்குவது தெரிந்தது. அப்பா விழுந்துவிடுவார், நான் பிடித்திருந்தும் விழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் விழவில்லை. ஊன்றிய உள்ளங்கை பசையில் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. மாமாவின் சொல்யூஷன் செய்த ஒரே நல்ல காரியம் அது.

பின்தெருத் திருப்பத்தில் வரும்போதே அம்மா பார்த்துவிட்டிருக்கிறாள். கூச்சல் போட்டால் அவர் திரும்பிப் பார்த்துத் தடுமாறுவார் என்று வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடிவந்தாள். எனக்குப் பின்னால் இருந்து என்னையும் சேர்த்து அவர் கால்களைக் கட்டிக்கொண்டாள். இருமல் அடங்கும்வரை மூன்று பேரும் அப்படியே நின்றோம். அதற்குப் பிறகும் அப்பா இறங்கவில்லை. கையில் இருந்த ஈரத் துணியால் புறாவின் காலையும் சிறகையும் துடைத்து விடுவித்த பிறகே தன் கையைப் பிய்த்துக்கொண்டார். உள்ளங்கைத் தோல் கொஞ்சம் அங்கேயே தங்கிவிட்டது. புறா தட்டுத்தடுமாறி எதிரே இருந்த கரண்ட் கம்பத்தில் போய் உட்கார்ந்தது.

அம்மா கீழே கிடந்த பாட்டிலை எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். உடனே அவளுக்கே இருமல் வந்தது. "டாக்டர்கிட்ட ஸ்ப்ரே வேலைன்னு சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

அப்பா கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொன்னா அந்த வேலைய விடுன்னுதான் சொல்வாரு. விட்டுட்டா பெரியவ படிப்பு இன்னா ஆவறது?"

அக்கா அப்போது வேலூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாட்டிலைக் கையில் பிடித்தபடியே, "புறாதான். புறாவாத்தான் இருக்கும்" என்றாள், ஜெபம் பண்ணுகிற குரலில்.

"ஆமாம்மா. நான் பாத்தேன். அது மூஞ்சிலயே அடிச்சுது. அதுக்கப்புறம்தான் இருமுனாரு" என்று சாட்சி சொன்னேன். அப்பா என் தலையை இன்னொரு கையால் தடவிக்கொடுத்தார்.

மறுநாளே மாமா வெட்கத்தோடு நல்ல நைலான் வலை வாங்கிவந்து, பால்கனியையும் சன்ஷேடையும் இண்டு இடுக்கு விடாமல் அடைத்தார். அம்மா டெட்டால் ஊற்றிக் கழுவினாள். புறாக்கள் இரண்டு நாள் வந்து வந்து முட்டிப் பார்த்துவிட்டு வேறு வீடு பார்த்துக்கொண்டன. ஜெயித்துவிட்டோம். ஆனால் இருமல் போகவில்லை. எங்கேயோ ஒரு புறா ஒளிந்திருக்கிறது என்று நான் பரண், தண்ணீர்த் தொட்டி, கட்டிலடி எல்லாம் தேடினேன். எதிலும் இல்லை. டாக்டர் சொன்ன மாதக் கெடு முடிய ஒரு வாரம்கூட இல்லை. புறா போயும் இருமல் நிற்கவில்லை என்றால் அடுத்தது வேலூர்தான்.

அக்கா படிப்பை முடித்து வெள்ளை உடுப்பில் நிற்கும் படம் இப்போதும் எங்கள் கூடத்தில் இருக்கிறது. எல்லோரும் நிற்கிறோம், அப்பா மட்டும் நாற்காலியில். படம் எடுக்கும் நேரம்கூட நிற்க அவருக்கு மூச்சு போதவில்லை. அதெல்லாம் பிறகு.

நான் சொல்ல வந்தது அந்த வாரத்தில் ஒரு காலை. எழுந்து பால்கனிக்கு வந்தபோது அம்மா ஸ்டூல் மேல் நின்று, அரிவாள்மனையின் அலகைக் கழற்றிக் கையில் பிடித்து, அந்தப் புது வலையின் ஒரு மூலையை அறுத்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையில் இருந்து நொய்யை அள்ளிச் சன்ஷேடின் மேல் தூவினாள். அப்பா டீ டம்ளரோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"டாக்டர் கேட்டா புறா இன்னும் வருதுன்னே சொல்லுங்க" என்றாள், திரும்பாமல். "பொய்யில்ல."

ஞாயிறுப் பள்ளியில் பொய் சொல்லக் கூடாது என்று எங்களுக்குப் பாடம் எடுப்பவள் அவள். அப்பா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு அதில் செங்கல் நிறம்.

காலண்டர் புறாவை நினைத்து அம்மா மனம் இரங்கிவிட்டாள், பாவப்பட்ட ஜீவன்களை மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கு மன்னிக்க மனசே இல்லை. ஆனாலும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, ஸ்டூலில் அவள் பக்கத்தில் ஏறி நின்று, நானும் ஒரு கைப்பிடி நொய் போட்டேன்.