பதினோராம் பக்கத்துப் பாண்

பாண் போடத் தெரியும் என்று அந்தக் கடைக்காரரிடம் நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஜெர்மனியில் ஒரு பேக்கரியின் பின்வாசலில் எட்டு மாதம் பாண் பெட்டி ஏற்றியிருக்கிறேன். கடைக்காரர் இங்கே, ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருந்தவர். என் பிரெஞ்சை நெற்றியைச் சுருக்கிக் கேட்டுவிட்டு, "சனிக்கிழமை நீயே போட்ட பாண் ஒன்றைக் கொண்டு வா. பிறகு பார்ப்போம்" என்றார். அன்று திங்கள்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வேலை போய் இரண்டு மாதமாகியிருந்தது. இந்த வேலை கிடைத்தால் இங்கே இருப்பது, இல்லையென்றால் டொரொன்ரோவுக்கு பஸ் ஏறுவது என்று நினைத்திருந்தேன். அதற்கு முன் நான்கு நாடுகளிலிருந்தும் இப்படித்தான் கிளம்பினேன்.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் ஊர் அண்ணை ஒருவரோடு வீட்டைப் பகிர்ந்திருந்தேன். அவருக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. வீட்டில் சமையல் அவர், கழுவுவது நான். அடுப்புக்குக் கீழே இருந்த ஓவனில் சட்டி பானைகளை அடுக்கி வைத்திருந்தோம். அது சூடாகும் என்பதே மறந்துபோயிருந்தது.

தேவாலயம் ஒன்றின் பழைய சாமான் விற்பனையில் வாங்கிய பிரெஞ்சு சமையல் புத்தகம் கையில் இருந்தது. சாதாரண வெள்ளைப் பாண் பதினோராம் பக்கத்தில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அகராதியை மடியில் வைத்து, சொல் சொல்லாகப் பார்த்து, ஒவ்வொரு வரியாகச் செய்தேன். ஐந்தாவது வரி: மா இருமடங்காகும் வரை மூடி வை.

ஆகவில்லை. ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம், அப்படியே கிடந்தது. சுட்டுப் பார்த்தேன். கல். புதன்கிழமை வேறு ஈஸ்ட் வாங்கினேன். குளிரோ என்று சட்டியைப் போர்வையால் சுற்றி ஹீட்டரின் மேல் வைத்தேன். போர்வைதான் சுட்டது. பிசையப் பிசைய மா இழுபட்டு வரும் என்று புத்தகம் சொன்னது. என் கையில் அது உதிர்ந்தது. புத்தகம் பிழையா, அகராதி பிழையா, நான் பிழையா என்று தெரியவில்லை. ஐந்தாவது வரிக்கு அப்பால் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவும் மனம் வரவில்லை.

வியாழக்கிழமை அண்ணை வேலையால் வந்தபோது மூன்றாம் தடவையாகப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"என்னடாப்பா, புட்டுக்கு இவ்வளவு தண்ணியே?"

"புட்டில்லை அண்ணை. பாண்."

"இந்த மாவிலையோ?"

"ஓம். அந்தக் கோதுமை மாப் பையிலை இருந்ததுதான்."

அவர் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "டேய், அது அவிச்ச மா! ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவிச்சு, அரிச்சு, திரும்பப் பையிலை போட்டு வைச்சனான். நாலு நாடு சுத்தினவனுக்கு அவிச்ச மா தெரியேல்லை!"

புட்டுக்குக் கோதுமை மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து அரிப்பது எங்கள் வழக்கம். அவித்த மாவுக்குப் பிறகு இழுபடவும் எழும்பவும் வராது. அவர் அவிக்கும் ஞாயிறுகளில் நான் ஊர் சுற்றப் போய்விடுவேன். திரும்பி வந்து புட்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

"ஏன் அண்ணை பிறகும் அதே பையிலை போட்டனீங்கள்?"

"பின்னை, நல்ல பையை எறியச் சொல்லுறியோ?"

வெள்ளிக்கிழமை மூலைக் கடையில் அவிக்காத பச்சை மா வாங்கினேன். ஒரு மணித்தியாலத்தில் சட்டியை மூடியிருந்த துணி மெல்ல மேலே வந்தது. பயந்துபோய் அண்ணையைக் கூப்பிட்டேன். இருவரும் குனிந்து பார்த்தோம். பிறகுதான் ஆறாவது வரியைப் படித்தேன்: முஷ்டியால் குத்தி அமுக்கு. அகராதியை இரண்டு தடவை பார்த்தேன். குத்துத்தான்.

"விசரே இவங்களுக்கு?" என்றார் அண்ணை. "இவ்வளவு பாடுபட்டு எழும்பினதைக் குத்துறதே? விடு, பாவம்."

விட்டுவிட்டேன். அப்படியே சுட்டேன்.

சனிக்கிழமை கடைக்காரர் பாணின் அடியைத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். வெட்டினார். நடுவில் அவருடைய பெருவிரல் போகுமளவுக்கு ஓட்டை.

"குத்தவில்லையா?"

"இல்லை."

"ஏன்?"

பாவம் என்பதற்கு என்னிடம் பிரெஞ்சு இருக்கவில்லை. "எழும்ப நான்கு நாள் எடுத்தது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், பாணைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். பிறகு ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாகச் சப்பினார்.

"திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு வா. முதல் வேலை குத்துவது."

எதற்காக என்னை எடுத்தார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. சந்தை வழியாக வீட்டுக்கு நடந்தேன்.