கல்யாணப் பல்

ஒட்னிக்கு அவள் அப்பா கொடுத்த கல்யாணப் பரிசு இரண்டு வரிசைப் பல். அப்போது அவளுக்கு இருபது வயது. சொத்தை விழுந்தவை ஐந்தாறுதான் இருக்கும். நன்றாக இருந்தவற்றையும் சேர்த்து வோஸ் ஊர்ப் பல் வைத்தியர் பிடுங்கிப் போட்டார். எங்கள் பள்ளத்தாக்கில் அந்தக் காலத்தில் அப்படித்தான். கட்டிக்கொள்ளப் போகிறவனுக்குப் பிற்பாடு பல்லால் தொந்தரவு வரக்கூடாது என்று பெற்றவர்களே முன்னால் நின்று முடித்துவைப்பார்கள். குளிர்காலம் முழுக்கக் கஞ்சி குடித்து ஈறு ஆறியதும் பல்செட் வந்தது. கல்யாணப் படத்தில் எல்லாரையும்விட அழகாகச் சிரிக்கிறவள் ஒட்னிதான்.

அந்தச் சிரிப்புக்கு உள்ளே அதற்கப்புறம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பல்லே இல்லாதவளுக்குப் பல் வைத்தியர் எதற்கு? அவள் புருஷன் அன்ஃபின், ஆடு வளர்ப்பவர். நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே கட்டிலில் படுத்தும் அவளைப் பல் இல்லாமல் அவர் பார்த்ததில்லை. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் கழற்றுவாள். கழுவி, ஈரத்தோடு மாட்டிக்கொண்டு வெளியே வருவாள். தூக்கத்திலும் அது வாயில்தான். பிரசவ நேரத்தில்கூடக் கழற்ற மாட்டேன் என்று மருத்துவச்சியோடு மல்லுக்கு நின்றாளாம்.

ஆனால் ஊரில் மற்றவர்கள் வாயெல்லாம் அவளுக்கு அத்துப்படி. முதியோர் இல்லத்தில் நானும் அவளும் ஒன்றாக வேலை பார்த்தோம். வயசானவர்களுக்கு வாய் சுத்தம் செய்வது யாருக்கும் பிடிக்காத வேலை. கடிப்பார்கள், துப்புவார்கள். ஒட்னி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பல் மருத்துவமனையிலிருந்து வந்த நர்ஸ் எங்கள் எல்லாருக்கும்தான் சொல்லிக்கொடுத்தார். கைவந்தது இவளுக்குத்தான். நாக்கில் தயிர் ஒட்டினாற்போல் வெள்ளை படிந்திருந்தால் துணியால் துடைத்துப் பார்ப்பாள். வந்துவிட்டால் பூஞ்சை, மருந்துக்குப் போய்விடும். துடைத்தும் வராத வெள்ளையென்றால் முகம் மாறும். அன்றே டாக்டருக்குச் சொல்லிவிடுவாள். மேலண்ணம் செக்கச்செவேலென்று இருந்தால், ராத்திரி செட்டைக் கழற்றி வைக்காமல் தூங்கினீர்களா என்று கிழவிகளைத் திட்டுவாள். தான் கழற்றுவதில்லை என்பதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

மோன்ஸ் என்று ஒருவர் இருந்தார், பழைய தபால்காரர். அவர் நாக்கோரத்தில் ஒரு சின்னப் புண்ணை ஒட்னி பார்த்தாள். உடைந்த கடைவாய்ப் பல் உரசுகிறது என்று நாங்கள் நினைத்தோம். அந்தப் பல்லை எடுத்தாகிவிட்டது. வாரங்கள் போயும் புண் ஆறவில்லை.

"வலிக்குதா?" என்று அவரிடம் கேட்டாள்.

"வலிச்சா சொல்ல மாட்டேனாம்மா? ஒண்ணும் இல்ல."

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாதாரணப் புண்ணுன்னா சுருக்குன்னு வலிக்கும் தூரிட். இவருக்கு வலிக்கல. விரல வெச்சுப் பார்த்தா ஓரமெல்லாம் கட்டையாட்டம் இருக்கு."

பெர்கனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். புற்று. மோன்ஸ் அடுத்த கோடையைப் பார்க்கவில்லை.

அன்ஃபினுக்கு உதட்டுக்குள் புகையிலை அடக்கும் பழக்கம். மேலுதட்டின் உட்பக்கம் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது. மோன்ஸ் போனதிலிருந்து ஒட்னி அதை விடாமல் சோதித்தாள். ஜன்னலோரம் உட்கார வைத்து உதட்டைப் பிரட்டி, தடித்திருக்கிறதா, சிவந்திருக்கிறதா என்று பார்ப்பாள். சந்தைக்குக் குதிரை வாங்க வந்தவளைப் போலப் பார்க்கிறாள் என்று அவர் எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள், உதட்டை மூடிக்கொண்டு.

அவளுடைய புண் வந்தது ஒரு கோடையில், வைக்கோல் வாரும் நாட்களில். கீழ் ஈறில், இடது பக்கம். செட் உரசுகிறது என்று நகம் தேய்க்கும் அரத்தால் செட்டைத் தேய்த்தாள். சில நாள் கழற்றி வைத்தால் தெரிந்துவிடும். உரசினால் வந்த புண் அதற்குள் ஆறியிருக்கும். இதை அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனால் கழற்றி வைத்தால் அன்ஃபின் பார்த்துவிடுவாரே. அடியில் பஞ்சு வைத்து மாட்டிக்கொண்டாள். இலையுதிர்காலத்தில் செட் உட்காரவில்லை. ஈறு மேலெழும்பி அதைத் தள்ளியது. விரலால் தடவிப் பார்த்தாள். ஓரம் கட்டையாக இருந்தது. வலியில்லை.

அப்போதே அவளுக்குத் தெரியும். பின்னாளில் என்னிடம் அவளே சொன்னது இது. எங்களுக்குத் தெரியவில்லை. அவள் இளைத்தாள், வயசு என்றோம். ரொட்டியைக் காப்பியில் நனைத்துத் தின்றாள். ஒருநாள் இல்லத்தில் காப்பி குடிக்கும்போது கீழுதட்டின் இடது மூலையிலிருந்து ஒழுகி மேலங்கியில் சொட்டியது. அவளுக்கு அது தெரியவேயில்லை. துடைத்துவிட்டேன். உதடு மரத்துப்போயிருக்கிறது, குளிர் என்றாள். அறைக்குள் கணப்பு எரிந்துகொண்டிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் ஆட்டுத்தலை விருந்து. நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். உப்பிட்டுப் புகையில் வாட்டி வேகவைத்த தலை, ஆளுக்குப் பாதி. தட்டில் அது பல்லும் தாடையுமாகக் கிடக்கும். ஒட்னி கிழங்கு மசியலை மட்டும் கரண்டியால் அளைந்துகொண்டிருந்தாள்.

"நாக்குன்னா உசுரா இருப்பியே. இந்தா, என்னுதையும் எடுத்துக்கோ," என்று அன்ஃபின் தன் தட்டிலிருந்ததை அவளுக்கு வைத்தார்.

மறுக்க முடியாமல் ஒரு துண்டை வாயில் போட்டு ஒருமுறை மென்றாள். கைக்குட்டையால் வாயைப் பொத்தினாள். எடுத்தபோது துணியில் ரத்தம். ஏதோ எலும்பு குத்திவிட்டது என்றார் என் வீட்டுக்காரர். நாக்கில் எது எலும்பு? அன்ஃபின் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"என்னடி ஆச்சு? வாயத் தொற."

"வேணாம்."

"என் வாய மாசாமாசம் பார்க்கிறியே. நான் ஒருதரம் பார்க்கக் கூடாதா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையை வாய்க்குள் விட்டு, முதலில் கீழ் செட்டை, அப்புறம் மேல் செட்டைக் கழற்றித் தட்டில் வைத்தாள். அவள் முகம் சட்டென்று உள்ளே விழுந்தது. எனக்கே யாரோ வேற்று மனுஷியைப் பார்ப்பதுபோல் இருந்தது. செட்டின் அடியில் பஞ்சு கறுத்துப்போய் ஒட்டியிருந்தது. அதன் நாற்றம் புகைவாட்டின கறி மணத்தையும் மீறி வந்தது.

விளக்கை இழுத்துப் பிடித்தேன். காலிஃபிளவர் பூப்போல ஒன்று இடது ஈறில் பூத்திருந்தது, சிவப்பும் வெள்ளையுமாக.

"மோன்ஸுக்கு வந்ததுதான்," என்றாள். பல் இல்லாத பேச்சு, குழந்தை மழலைபோல் இருந்தது. "கோடையிலேர்ந்து இருக்கு."

"அப்பவே ஏன் சொல்லல?" என்றார் அன்ஃபின்.

"சொன்னா இதைக் கழட்டணுமே."

அவர் எழுந்துபோய் வண்டிச் சாவியை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். பெர்கனில் ஞாயிற்றுக்கிழமை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நாங்கள் சொல்லி உட்கார வைக்க வேண்டியிருந்தது.

தாடையில் பாதியை எடுத்தார்கள். அவள் காலிலிருந்து ஒரு துண்டு எலும்பை வெட்டி அங்கே வைத்துக் கட்டினார்கள். கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். திரும்பி வந்தவளுக்கு முகம் ஒரு பக்கம் கோணியிருந்தது; இனி எந்த செட்டும் நிற்காது. இல்லத்துக்கு வேலைக்கு வர முடியவில்லை, பார்க்க மட்டும் வருவாள். சாப்பாடு எல்லாம் அரைத்துத்தான். ஒட்ட வைத்த இடத்தில் உணர்ச்சி இல்லாததால், ஞாயிறுதோறும் அன்ஃபின்தான் சின்ன டார்ச்சைப் பிடித்து அவள் வாயைப் பார்ப்பார். என்ன பார்க்க வேண்டும் என்று அவளே அவருக்குப் பாடம் சொன்னாள். அந்த ஒன்றரை வருஷம்தான் அவர்கள் நெருக்கமாக இருந்த காலம் என்று எனக்குத் தோன்றும். கதவு தாழிடுவது நின்றுபோனது.

இரண்டாவது இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிறு நான் அங்கே இருந்தேன். டார்ச் வெளிச்சம் வாயிலிருந்து இறங்கி அவள் கழுத்தில் ஒரே இடத்தில் நின்றது.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு."

"பொய் சொல்லாத. வெளிச்சம் அங்கேயே நிக்குது."

அவர் டார்ச்சை அணைத்துவிட்டு அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தார். காதுக்குக் கீழே ஒரு கட்டி, அசையாமல் இருந்தது. அவளும் தொட்டுப் பார்த்தாள். "ம்," என்று மட்டும் சொன்னாள்.

பெர்கனில் மறுபடி வெட்டுவதற்கில்லை என்றுவிட்டார்கள். வீட்டிலேயே இருக்கிறேன் என்றாள். குளிர்காலம் முழுக்க மாடி அறையில் கிடந்தாள். பேச்சு குறைந்துகொண்டே வந்து கடைசியில் கையசைப்பு மட்டும் மிஞ்சியது.

ஆடுகள் குட்டி போடும் காலத்தில், ஒரு காலை, அவள் மூச்சு நின்றது. நான்தான் பக்கத்தில் இருந்தேன். கீழே சமையலறையில், தாய் ஒதுக்கிவிட்ட ஒரு குட்டியை மடியில் வைத்து அன்ஃபின் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தார். இறங்கிவந்து சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். குட்டி குடித்து முடிக்கும்வரை புட்டியை எடுக்கவில்லை. பிறகு அதை அடுப்போரம் பெட்டியில் விட்டு, கையைக் கழுவிக்கொண்டு மாடிக்கு ஏறினார்.