இரண்டு இஞ்சில் பகுதி

நான் பயந்த சுபாவம். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால்கூட உள்பக்கமாகத் தள்ளி உட்காருகிறவள். என்னைத் திருநெல்வேலியிலிருந்து கட்டிக்கொண்டு தான் பிறந்து வளர்ந்த திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்கு வந்தவருக்கோ வேகம் என்றால் உயிர். பகலெல்லாம் தம்பானூரில் ஆபீஸ். சாயங்காலமானால் ஒரு பழைய பியட் காருக்கு அடியில் பாதி உடம்பு. அதன் எஞ்சினை என்னென்னவோ செய்து ரேஸ் வண்டியாக்கி வைத்திருந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்.

பொன்முடி மலைப்பாதையில் யார் சீக்கிரம் ஏறுவது என்று நண்பர்களுக்குள் ஒரு போட்டி பேசி வைத்திருந்தார்கள். வளைவுகளில் வண்டி சாய்கிறது, முன்பக்கத்தைத் தாழ்த்தினால்தான் தரையைப் பிடித்துக்கொண்டு ஓடும் என்றார் இவர். அதற்குக் குட்டையான ஸ்பிரிங் வேண்டும். பழைய ஸ்பிரிங்கையே ஒரு சுற்று அறுத்துவிட்டு மாட்டுகிறவர்கள் உண்டு. அது மடத்தனம் என்பது இவர் கட்சி. கோயம்புத்தூரில் ரேஸ் வண்டிகளுக்கென்றே ஸ்பிரிங் சுற்றித் தருகிற ஒருவரைப் பிடித்தார். அவரிடமிருந்து தமிழில் பதில் வந்தது. என்னை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வழக்கமாக இரண்டு இஞ்சு குறைப்போம், உங்கள் ஊர் ரோட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிவிக்கவும் என்று எழுதியிருந்தது.

ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு. என் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அளந்தார், மறுநாளும் அளந்தார். ரொம்பத் தாழ்த்தினால் டயர் உரசும், குறைவாகத் தாழ்த்தினால் பிரயோஜனமில்லை. பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். கடைசியில் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "ரெண்டு இஞ்சு வேண்டாம், நம்ம ரோடெல்லாம் குழியாக்கும். அதுல பகுதி குறைச்சா மதின்னு எழுது."

'மதி' என்றால் 'போதும்' என்று எட்டு மாதத்தில் கற்றுக்கொண்டிருந்தேன். 'பகுதி'யில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது, அது நம் தமிழ்தானே! 'இரண்டு இஞ்சில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டால் போதும்' என்று அழகாக எழுதி நீட்டினேன். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "கொள்ளாம்" என்று பாராட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பார்சல் வந்தது. 'தாங்கள் கேட்டபடி இரண்டு இஞ்சில் கால் குறைத்து, ஒன்றே முக்கால் இஞ்சு தாழும்படி செய்திருக்கிறோம்' என்று உள்ளே ஒரு சீட்டு. நான் எழுதியதற்குச் சரியாக இருந்ததால், "நாம கேட்டபடியே அனுப்பியிருக்கார்" என்று மட்டும் சொன்னேன். மாட்டிக் கொடுத்த நாகர்கோவில்கார மெக்கானிக், "சார், மூக்கு ரொம்பத் தாந்து கெடக்கே" என்று தலையைச் சொறிந்தார். கோயம்புத்தூர்காரனுக்குத் தெரியாததா என்று இவர் அவர் வாயை அடைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை. கடிகாரம் பார்த்து நேரம் சொல்வது என் வேலை. ஏறும்போது நான் கண்ணைத் திறந்ததே கடிகாரத்தைப் பார்க்கத்தான். ஆனால் வண்டி ஒழுங்காகவே ஏறியது. ஏற்றத்தில் பாரமெல்லாம் பின்னால் போய்விடும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

இறங்கும்போதுதான் விஷயம் விளங்கியது. முதல் கொண்டையூசி வளைவில் இவர் பிரேக்கை மிதித்ததும் முன்பக்கம் தடாலென்று அமுங்கியது. என் காலுக்கடியில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். ரப்பர் கருகும் நாற்றம். ஸ்டியரிங்கைத் திருப்புகிறார், அது பாதியில் இறுகி நிற்கிறது. எதிரே ரோடு இல்லை, ஒரு முழ உயரக் கல்சுவரும் அதற்கப்பால் தேயிலைச் சரிவும்தான். கல்சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது வண்டி நின்றது.

இவர் இறங்கி, சக்கரத்தின் மேல் விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது. "இது ஒரு இஞ்சு இல்லை. கடுதாசில நீ என்ன எழுதினே?"

சொன்னேன்.

"பகுதின்னா பாதியாக்கும்! ரெண்டுல பாதி ஒண்ணு!"

"பாதின்னா பாதின்னு சொல்லித் தொலைக்கறதுதானே? எங்க ஊர்ல பகுதின்னா ஏதோ கொஞ்சம்!"

நடுமலையில் நின்று இப்படிக் கத்திக்கொண்டோம். கத்துகிறவரை பயம் தெரியவில்லை. ஓய்ந்ததும்தான் இன்னும் அத்தனை வளைவும் பாக்கி என்பது நினைவுக்கு வந்தது. பஸ் எப்போது வருமோ, தெரியாது. வண்டியை விட்டுவிட்டு வர அவருக்கு மனசில்லை. "ஒவ்வொரு வளைவுலயும் நீ இறங்கி நடந்து வா, கனம் குறையட்டும்" என்றார். கனத்துக்காகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. கூடவே இருக்கிறேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். வீரமெல்லாம் நினைப்போடு சரி, கால் தானாகவே இறங்கிவிட்டது.

இறங்கி நடந்ததுதான் அதைவிட மோசம். பர்ஸ்ட் கியரில் முனகிக்கொண்டு வண்டி வளைவில் திரும்பி மறையும். 'கர்ர்ர்' கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவேன். திருப்பத்துக்கப்பால் வண்டியின் பின்பக்கம் கண்ணில் படும்வரை, நான் எழுதிய அந்த ஒரு வரிதான் வாயில் ஓடிக்கொண்டிருக்கும். ஏறி உட்கார்ந்தால் அடுத்த வளைவு வந்துவிடும். எத்தனை தடவை இப்படி விதவையாகித் திரும்பினேன் என்று எண்ணவில்லை.

கீழே சமதரைக்கு வந்து ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினார். உயிர் வந்ததும் எனக்குக் கோபமும் வந்தது. "நான் எழுதினதை நீங்க பாத்துத்தானே கையெழுத்துப் போட்டேள்? கொள்ளாம்னேளே!"

அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "பார்த்தேன். வாசிக்கலை. தமிழ் பேசத்தான் வரும். ஸ்கூல்ல எல்லாம் மலையாளம்தானே."

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நிச்சயமானதிலிருந்து கல்யாணம்வரை, வாரம் தவறாமல் நான் இவருக்குக் கடுதாசி எழுதியிருக்கிறேன். யாரிடமும் சொல்லாததையெல்லாம் எழுதியிருக்கிறேன்.

"அப்போ என் கடுதாசியெல்லாம்?"

"அம்மா வாசிச்சுத் தந்தா."

டீ வந்தது. குடிக்க முடியவில்லை. மலையில் வராத அழுகை அங்கே வந்தது, கூடவே சிரிப்பும். இவர் பயந்துபோய் வண்டியைக் கிளப்பப் போனார். "மெதுவாப் போங்கோ, இன்னும் மெதுவா" என்றேன். ரோடு நேராகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போனால் கதவைத் திறக்கப்போவது மாமியார்.