பக்கத்து ஜாடித் தாய்கள்

ஸ்டெல்லாவின் ஆராய்ச்சியைக் கொன்றவன் நான்தான். அவள் இன்றுவரை தன்னையே குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்!

தண்ணீர்த் தெள்ளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கடுகளவு உயிர், குளத்து நீரில் குதித்துக் குதித்து நீந்தும். ஆண் துணை இல்லாமலேயே பெண் தன்னைப் போன்ற மகள்களைப் பெற்றுத் தள்ளும். மரபணு துளியும் மாறாது. முப்பது தாண்டியும் பெண் அமையாத எனக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நானும் ஸ்டெல்லாவும் முனைவர் பட்ட மாணவர்கள். அவள் சாந்தோம் பெண். இரண்டு வம்சங்களைத் தனித்தனி ஜாடிகளில் வளர்த்தாள். மீன் மொய்க்கும் மயிலாப்பூர்க் குளத்து வம்சம், மீன் விழுங்குமுன் அவசரமாய்ப் பிள்ளை பெறும். மீனே இல்லாத வேளச்சேரிக் குட்டையின் வம்சம், நிதானமாய்ப் பெருத்துத் தாமதமாய்த் தாயாகும். இந்த வேறுபாடு மரபணுவிலேயே இருக்கிறது என்று நிறுவுவதுதான் அவள் ஆய்வு.

தங்கையின் கல்யாணத்துக்குப் போகையில் ஜாடிகளை என்னிடம் ஒப்படைத்தாள்.

"டேய், வாளியில பிடிச்சு வெச்சிருக்கேன் பாரு, அந்தத் தண்ணிய மட்டும் ஊத்து. குழாய்த் தண்ணில குளோரின். குழாயத் தொட்ட... மவனே, கொன்னுடுவேன்!"

"அதுங்களுக்கு நான் தாய்மாமன் மாதிரி. நீ போய் பிரியாணிய கவனி."

தாய்மாமன்! தி.நகரில் சினிமா, நண்பர்கள் காத்திருந்தார்கள். வாளி கீழ்த்தளத்தில், குழாயோ கைக்கெட்டும் தூரத்தில். குட்டை வம்சத்து ஜாடிகள் கலங்கியிருந்தன. குழாயிலேயே பிடித்து ஊற்றினேன்...

மறுநாள் குட்டைத் தெள்கள் அத்தனையும் செத்து, அடியில் வெள்ளைத் தூசியாய்க் கிடந்தன.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னேனா? பக்கத்து ஜாடியிலிருந்து குளத்துத் தாய்கள் சிலவற்றை உறிஞ்சுகுழலால் எடுத்து, கழுவிய ஜாடிகளில் விட்டேன். அவள் திரும்புவதற்குள் ஜாடிகள் குஞ்சுகளால் நிறைந்துவிட்டன. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்... எவ்வளவு பெரிய முட்டாள்!

மாதங்கள் கழித்து முடிவு வந்தது. இரண்டு வம்சமும் ஒரே வயதில் தாயாயின. மரபணுச் சோதனையும் இரண்டும் ஒன்றே என்றது. பேராசிரியர் எல்லோர் முன்னிலும் கத்தினார்:

"ரெண்டு ஜாடிக்கும் ஒரே உறிஞ்சுகுழலைப் போட்டுக் கலந்துட்டீங்க! இதுக்குப் பேர் ஆராய்ச்சியாம்மா?"

"கழுவாம விட்டுட்டேன் போல சார்..." என்றாள் ஸ்டெல்லா.

நான் சுவரைப் பார்த்தேன். மீண்டும் தொடங்கலாம் என்று குட்டைக்கு ஓடினாள். அதை மூடி அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. பட்டம் அவளுக்குக் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது.

நீங்களாயிருந்தால் சொல்லியிருப்பீர்களா? 'ஆம்' என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள்...

சென்ற மாதம் ஆழ்வார்பேட்டை ஓட்டலொன்றில் அவளைச் சந்தித்தேன். மேற்கு மாம்பலத்தில் பள்ளி ஆசிரியை.

"ஸ்கூல் லேப்ல நான் எதையும் தொடறதே இல்லடா. பசங்களையே ஊத்தச் சொல்லிடுவேன். என் கைய நம்ப முடியாது."

சொல்லிவிடத்தான் வாய் திறந்தேன். "அப்ப உன் மீன் குழம்பையும் நம்பக் கூடாது" என்று வந்தது!

கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "நீயே ஆத்திக் குடுடா, நான் சிந்திடுவேன்" என்று தன் காபி டபராவை என் பக்கம் நகர்த்தினாள்.

ஆற்றினேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை...