ஆந்தை மேட்டுக்குக் காவல்

ரோடாவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த காலம் முழுவதும், கரண்டிகளைச் சரிபார்க்காமல் அவள் வீட்டுக்குக் கிளம்பியதில்லை. கணவன் இறந்த பிறகு சந்தேகப்பட வீட்டில் ஆள் இல்லை. அந்தக் குறையை நாத்தனார் ஃப்ளாசி தீர்த்துவைத்தாள்.

வடதுருவத்தை ஒட்டிய அந்த ஊருக்குத் தெற்கே, புல்வெளியில் ஒரு மேடு. எலிகள் பெருகும் வருஷங்களில் அங்கே பனி ஆந்தை முட்டையிடும். ஆந்தை இருக்கும் இடத்தில் நரி வாலாட்டாது என்று வாத்துகளுக்கும் தெரியும். அதனால் அவை மேட்டைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். அந்த இடத்தை ரோடாவுக்குக் காட்டியவன் கணவன். அவளைத் தவிர அது தெரிந்தவள் ஃப்ளாசி மட்டும்தான்.

வாத்துக் கூட்டில் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் முட்டை எடுப்பது வழக்கம். இந்த ஜூனில் சில கூடுகள் துடைத்துவிட்டதுபோல் காலியாகக் கிடந்தன. ஃப்ளாசியின் வேலைதான் என்று ரோடா முடிவு கட்டினாள்.

அன்று ஃப்ளாசி வாத்து சூப் கொண்டுவந்தாள்.

"சூப்புல முட்டை வாசனை வருதே," என்றாள் ரோடா.

"மூக்கை டாக்டர்கிட்ட காட்டு அண்ணி. ஆந்தை அடைகாக்கறப்ப நான் அந்தப் பக்கமே போறதில்ல. நீயும் சும்மா சும்மா போகாத."

கள்ளி, என்னை வரவிடாமல் செய்யத்தான் இந்தப் பேச்சு என்று ரோடா நினைத்துக்கொண்டாள். அதன்பின் தினமும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் காவல் இருந்தாள். ஆந்தைகள் அவளைச் சுற்றிக் கத்தியதை அவள் சட்டை செய்யவில்லை. கூடுகளோ மேலும் காலியாகிக்கொண்டே இருந்தன.

ஒருநாள் மேட்டுக்கு இன்னும் அருகே, ஈரப் புல்லில் குப்புறப் படுத்தாள். மாசுமருவில்லாத வெள்ளையில் ஆண் ஆந்தை சத்தமே இல்லாமல் வந்து அவள் தலையில் அறைந்தது. கறுப்புக் கோடுகள் போட்ட பெண் ஆந்தையும் முட்டையை விட்டு எழுந்து வந்தது. மஞ்சள் கண்கள் அவளையே முறைத்தன. என்ன அழகு, என்ன கோபம்! வலியிலும் ரோடா வாயைப் பிளந்து பார்த்தாள்.

அப்போதுதான் நரியைக் கண்டாள். வாயில் வாத்து முட்டையோடு சாவகாசமாகப் போனது. புதரில் அதை ஒளித்துவிட்டு, ஆளில்லாத மேட்டை நோக்கித் திரும்பியது.

இரண்டு ஆந்தைகளும் அவள் தலைக்கு மேலே. மேட்டில் காவலுக்கு யாரும் இல்லை. தினமும் இப்படித்தான் நடந்திருக்கிறது என்று ரோடாவுக்கு உறைத்தது. எழுந்து, மேட்டுக்கு எதிர்த்திசையில் விழுந்தடித்து ஓடினாள். அவள் தொலைந்த பிறகுதான் ஆந்தைகள் திரும்பின. ஆண் ஆந்தை நரியைத் துரத்திக்கொண்டு போனது. பெண் ஆந்தை முட்டைகள் மேல் மெல்ல அமர்ந்தது.

ரோடா நேராக ஃப்ளாசி வீட்டுக்குப் போனாள்.

"என்ன அண்ணி, திருடி அகப்பட்டாளா?"

"அகப்பட்டுட்டா." ரோடா தலைமுடியை விலக்கிக் காயத்தைக் காட்டினாள். "நல்லா வாங்கியும் கட்டிக்கிட்டா."

பிறகு வண்டிச் சாவியை எடுத்து ஃப்ளாசியின் கையில் வைத்தாள்.

"குஞ்சு பறக்கற வரைக்கும் இது உங்கிட்டயே இருக்கட்டும். நான் அழுது கேட்டாலும் தராத."