குழாயில் கட்டிய துணி

ரசாயன ஆலைகள் சூழ்ந்த பாசிர் கூடாங் அடுக்குமாடி வீட்டில் இன்று காலை குழாயைத் திறந்ததும் ஏதோ மருந்து வாடை அடித்தது. முன்பு சிகாமட் பக்கம், காட்டோரம் இருந்த எங்கள் பலகை வீட்டில், அம்மா குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டி, தினமும் அதை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். குழாய்க்குத் தண்ணீர் வந்த ஆற்றின் மேல்பகுதியில் காட்டை வெட்டத் தொடங்கியபின் துணி சிவந்துகொண்டே வந்தது.

"மழத் தண்ணி லா," என்பார் வெட்டுமர லாரி ஓட்டிய அப்பா.

"மழையே பெய்யலயே, செம்மண்ணு எங்கேருந்து வருதுங்க?" என்பார் அம்மா.

லாரிச் சக்கரத்தில் அப்பியிருந்த அதே செம்மண்ணைக் கழுவப் போய்விடுவார் அப்பா.

இப்போது அங்கே காடும் இல்லை, வீடும் இல்லை, எண்ணெய்க்காக நட்ட செம்பனைத் தோட்டம்தான்.

இங்கே நானும் குழாயில் துணி கட்டுகிறேன். வாடை வந்ததும் அவிழ்த்துப் பார்த்தேன். தண்ணீரில் வாடை அடித்தும் துணி வெள்ளை வெளேரென்று இருந்தது. அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.